அம்மா கற்ற ஸ்பானிஷ்

பதினோரு பேர் உட்கார்ந்திருந்த ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று, நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று அறிவித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இடம், மெக்ஸிகோவில் புவெப்லா என்ற ஊர். வருடம் 2012. நான் சரிபார்த்து அனுப்பிய டிராயிங்கில் ஒரு அளவு தப்பாகி, இருநூறு பிராக்கெட்டுகள் குப்பைக்குப் போயிருந்தன. 'ரொம்ப வெட்கமாக இருக்கிறது' என்று சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். இங்கிலீஷில் 'எம்பரஸ்டு'. ஸ்பானிஷில் அதே ஜாடையில் 'எம்பராசாதா' என்று ஒரு வார்த்தை பார்த்த ஞாபகம். ஆண்பாலுக்குக் கடைசியில் 'தோ' போட வேண்டும் என்ற இலக்கணமும் சமயத்தில் கைகொடுத்தது. தலையைக் குனிந்துகொண்டு, 'எஸ்தோய் எம்பராசாதோ' என்றேன்.

அறையில் சத்தமே இல்லை. பிறகு குவாலிட்டி மேனேஜர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கி, "எத்தனை மாதம்?" என்று கேட்டார்.

இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் இறங்குகிற பலரும் விழுந்த பிரசித்தி பெற்ற குழி அது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் குழி ஒன்று இல்லை. வழியே தப்பு என்பது தெரிய எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. தெரியவைத்தவள் எட்டாம் கிளாஸ் படித்த என் அம்மா. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. புவெப்லாவில் புதிதாக ஒரு ஷெட் போட்டு, 2011 ஜூனில் என்னை அனுப்பினார்கள். புவெப்லா, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். 1531-ல் ஸ்பெயின்காரர்கள் கட்டியது. வோக்ஸ்வாகனின் பெரிய தொழிற்சாலை அங்கேதான். பழைய மாடல் பீட்டில் கார் இருக்கிறதே, ஆமை மாதிரி, உலகத்தின் கடைசி பீட்டில் 2003 ஜூலையில் அந்த ஊரில்தான் உருண்டு வெளியே வந்தது. மொட்டை மாடிக்குப் போனால் போப்போகாத்தேபெட்ல் என்ற எரிமலை, டீக்கடை பாய்லர் போலப் புகைவிட்டுக்கொண்டிருக்கும்.

ஊர் அழகு. எனக்குத்தான் வாய் இல்லை. மனைவிக்குக் கோயம்புத்தூரில் பாங்க் வேலை, பையனுக்கு ஸ்கூல். அதனால் தனியாகப் போயிருந்தேன். பதினைந்து வருடம் சர்வீஸ் போட்ட இன்ஜினீயர், கடையில் விரலை நீட்டித் தக்காளி வாங்கினேன். சலூனில் 'கொஞ்சமா வெட்டுங்க' என்று சொல்லத் தெரியாமல் மூன்று மாதம் முடி வளர்த்தேன். வயதைச் சொல்வதற்குள் மானம் போயிற்று. வருஷத்துக்கு 'ஆஞோஸ்'. நான் சொன்னது 'ஆனோஸ்'. அது உட்காருகிற இடம் சம்பந்தப்பட்ட சமாசாரம். அதில் எனக்கு முப்பத்தெட்டு இருப்பதாக பாங்க் கவுண்ட்டரில் சொல்லியிருக்கிறேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் கற்றுத்தருகிற தடிப் புத்தகம், சி.டி., சாயங்கால வகுப்பு எல்லாம் உண்டு. முதல் பக்கத்திலேயே தகராறு. இங்கிலீஷில் 'இஸ்' என்று ஒன்றுதான். ஸ்பானிஷில் அதற்கு 'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைச்சொற்கள். எதை எங்கே போடுவது என்று பன்னிரண்டு விதி. விதிக்கு விலக்கு ஏழு. எல்லாம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். வாயைத் திறந்தால், தமிழில் நினைத்து, இங்கிலீஷாக்கி, அதை ஸ்பானிஷாக்கி, ஆண்பால் பெண்பால் பார்த்து முடிப்பதற்குள் எதிரே நின்றவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

நான் இருந்தது ஒரு வீட்டு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா. எழுபத்தொரு வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் வடக்கே எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். எல்லோரும் அவரை 'தோஞா' என்பார்கள். நம் அம்மணி, ஆச்சி மாதிரி ஒரு மரியாதைச் சொல். அவர் என்னை 'இன்ஹெனியெரோ' என்பார். அதாவது, இன்ஜினீயர். மெக்ஸிகோவில் படித்த படிப்பைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். முன்னிலையில் 'நீ'க்கு 'தூ', 'நீங்க'ளுக்கு 'உஸ்தெத்'. தோஞா எனக்கு எப்போதும் உஸ்தெத்தான். வாடகை கொடுக்கும்போது அவர் பத்து வாக்கியம் பேசுவார். நான் 'ஸி, ஸி' என்பேன். அவ்வளவுதான் உறவு.

2013 மார்ச்சில் அப்பா காலமானார். காரியத்துக்கு வந்து திரும்பினேன். அம்மா கும்பகோணம் வீட்டில் தனியாக இருந்தாள். செப்டம்பரில் லீவில் வந்தபோது அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. கையோடு புவெப்லாவுக்கு அழைத்துப் போய்விட்டேன், நாலு மாதத்துக்கு. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை கிடையாது. இங்கிலீஷில் கரண்ட், ஸ்விட்ச், தேங்க்ஸ். 'கிராசியாஸ்' என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, காலை ஆறரைக்கு நான் கிளம்பினால் திரும்புவது ராத்திரி ஏழு. பகலெல்லாம் என்ன செய்வாளோ என்று கவலை.

இரண்டாவது வாரம் அம்மா சொன்னாள்: "டேய் தம்பி, கீழ் வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்போல இருக்குடா."

"என்னம்மா உளர்றே?"

"மேசையை மேசைங்கறாங்க. துவாலையைத் துவாயாங்கறாங்க. மார்க்கெட்ல சப்போட்டாவைக் காட்டினேன், சப்போத்தேன்னாங்க. பப்பாளிக்குப் பப்பாயா. வேறென்ன வேணும்?"

இதில் விஷயம் இருக்கிறது. 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கீசியர் மேசை, சாவி, ஜன்னல், அலமாரி, துவாலை, கோப்பை என்று நம் வீட்டில் நிறைய வார்த்தைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். போர்த்துக்கீஸும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. சப்போட்டா கதை இன்னும் விசேஷம். அந்த மரத்துக்குப் பூர்வீகமே மெக்ஸிகோ பக்கம்தான். அங்கேயுள்ள நாவாட்ல் பாஷையின் வார்த்தை, ஸ்பானிஷ் வழியாக நம் பழவண்டிக்கு வந்திருக்கிறது. மிளகாயும் தக்காளியும்கூட அந்தப் பக்கத்துச் சரக்குகள்தான். அம்மாவுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தெரிந்த சாமான்கள் தெரிந்த பேரில் இருந்தன. கீழே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் மண்டையிடியோடு வந்து சோபாவில் சாய்ந்தேன். அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே, "மே துவேலே லா கபேசாவா?" என்றாள், ஏதோ 'காபி போடட்டுமா' என்கிற தொனியில்.

எனக்குத் தலைவலி பாதி போய்விட்டது. காரணம், என் நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கத்தை விழுங்கிய வாக்கியம் அது. இங்கிலீஷில் 'என் தலை வலிக்கிறது' என்போம். ஸ்பானிஷில் அப்படிச் சொல்வதில்லை. 'மே' என்றால் எனக்கு. இது ஏன் இங்கே வருகிறது, எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று அம்புக்குறியெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

"இது உனக்கு எப்படிம்மா புரிஞ்சுது?"

"இதுல புரியறதுக்கு என்னடா இருக்கு? எனக்கு வலிக்குது. அவ்வளவுதானே?"

யோசித்துப் பாருங்கள். நாம் எப்படிச் சொல்கிறோம்? 'எனக்குத் தலை வலிக்குது.' வார்த்தைக்கு வார்த்தை அதேதான். 'மே குஸ்தா எல் மாங்கோ' என்றால் 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்'. இங்கிலீஷில்தான் 'நான்' முன்னால் வந்து மாம்பழத்தை விரும்ப வேண்டியிருக்கிறது. ஸ்பானிஷிலும் தமிழிலும் நாம் சும்மா நிற்கிறோம். பிடிப்பது, வலிப்பது எல்லாம் தானாக நமக்கு நடக்கிறது.

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து, இங்கிலீஷ் எழுதியிருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டுத் தமிழை எழுதினேன். மடமடவென்று திறந்துகொண்டது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'நான்' தனியாக வேண்டாம், வினையிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார், நம் 'பேசறேன்' மாதிரி. 'தூ', 'உஸ்தெத்' சொல்லவே வேண்டாம். நீ, நீங்க வித்தியாசத்தை நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ரகர றகரத்துக்குத் தமிழ் வாத்தியாரிடம் தலையில் குட்டு வாங்கியது வீண் போகவில்லை. 'ஆஞோஸ்' விவகாரத்திலும், ஞாயிறு, ஞாபகத்துக்கு மட்டும் வெளியே வந்து போகும் நம்முடைய ஞ சும்மாதானே இருந்தது? பாங்க்கில் மானத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அப்புறம் அந்த ஸேர், எஸ்தார். 'அவர் டாக்டர்' என்று தமிழில் சொல்லும்போது வினைச்சொல்லே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? அங்கே ஸேர். 'வீட்ல இருக்கேன்', 'களைப்பா இருக்கு' என்று 'இரு' வருகிற இடங்களில் எஸ்தார். முக்கால்வாசி சரியாக வரும். மீதி கால்வாசிக்கு எல்லோரையும் போல அடிபட வேண்டியதுதான். ஆனால் பன்னிரண்டு விதியும் ஏழு விலக்கும் பறந்து போயின. சுமார் 50 கோடிப் பேரின் தாய்மொழிக்குள் நுழைய, கையில் சாவியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் தோஞாவின் தலவேரா கோப்பை ஒன்றை உடைத்துவிட்டாள். தலவேரா என்பது புவெப்லாவின் பெருமை. வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ போட்டது, விலை அதிகம். நான் பதறிப் போய், உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கக் கீழே ஓடினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஏற்கெனவே சொல்லியாயிற்றாம்: 'சே மே கயோ.' என் கையிலேர்ந்து விழுந்துடுச்சு. 'நான் போட்டு உடைத்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. விழுந்துபோச்சு, உடைஞ்சுபோச்சு. மறந்துவிட்டால்கூட 'சே மே ஓல்விதோ'. எனக்கு மறந்துபோச்சு. குற்றம் இல்லை, ஆனால் நஷ்டம் நம்முடையது. 'மே' அதைத்தான் சொல்கிறது.

நவம்பர் 2 அங்கே இறந்தவர்கள் தினம். வீட்டில் மேசை போட்டு, போனவர்களின் படத்தை வைத்து, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, தண்ணீர், மெழுகுவர்த்தி வைப்பார்கள். சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் பூ. நம்ம துலுக்கச் சாமந்தி. அதுவும் மெக்ஸிகோ பூதான். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படையல் போடறாங்க" என்றாள். அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது தோஞாவின் கணவர் படத்துக்குப் பக்கத்தில் அப்பா இருந்தார், அம்மாவின் பர்ஸில் இருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில். முன்னால் டம்ளரில் காபி.

தோஞா தன் கணவரைக் காட்டி அம்மாவிடம், 'சே மே முரியோ' என்றார். அம்மா அப்பாவைக் காட்டி அதையே திருப்பிச் சொன்னாள். 'முரியோ' என்றால் இறந்தார். அது தெரியும். அங்கே 'மே' ஏன் வருகிறது என்று எனக்குள் இருந்த மாணவன் கேட்டான். செத்தவர் அவர், நடுவில் 'எனக்கு' எதற்கு? இரண்டு விதவைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். இலக்கண சந்தேகம் கேட்கிற நேரமாக இல்லை.

அந்த மாதக் கடைசியில், ஷாப் ஃப்ளோரில் ஒரு லைன் டிரையல். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலு மணி நேரம் கழித்து எடுத்தால் தோஞாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். அம்மாவை டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் போனபோது அம்மா டிரிப்ஸோடு படுத்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்தது இங்கிலீஷ். அவர் நிதானமாக ஸ்பானிஷில் சொன்னார்: "கவலைப்படாதீங்க. அம்மாவே எல்லாம் சொல்லிட்டாங்க."

எங்கே வலி என்று கேட்டதற்கு வலது விலாவுக்குக் கீழே கை வைத்து 'அக்கீ', இங்கே. எப்போதிருந்து? 'அயேர்', நேற்று. எப்போது அதிகம்? 'தெஸ்புவேஸ் கொமீதா', சாப்பாட்டுக்கு அப்புறம். இலக்கணம் கொஞ்சம் நொண்டி. ஆனால் டாக்டருக்கு வேண்டியது அதில் இருந்தது. பித்தப்பையில் கல். ஸ்கேன் எடுத்து, மறுநாள் காலையில் ஆபரேஷன். தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார்கள். நாலு மாதம் மேல் மாடியில் வாய்மூடி உட்காரட்டும் என்று நான் விட்டுவிட்டுப் போன அம்மா, தன் உயிரைத் தானே சொல்லிக் காப்பாற்றிக்கொண்டாள்.

ஜனவரியில் ஊர் திரும்பினாள். கேட் வாசலில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அதற்கப்புறம் போனில் என்னிடம் விசாரிப்பதற்கு முன் தோஞாவைத்தான் விசாரிப்பாள்.

2016 ஜூலை. ஒரு புதன்கிழமை காலை, மீட்டிங்கில் இருந்தேன். அம்மா கூப்பிட்டாள். அங்கே ராத்திரி. மெக்ஸிகோவில் 'ஆவோரீத்தா' என்று ஒரு வார்த்தை உண்டு. அகராதியில் 'இப்போதே' என்று அர்த்தம். நடைமுறையில் ஐந்து நிமிஷத்திலிருந்து அடுத்த ஜென்மம் வரை எதுவாகவும் இருக்கலாம். நாம் 'இதோ' என்போமே, அது. "இதோ கூப்பிடறேம்மா" என்று வைத்தேன். மீட்டிங் முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. கூப்பிடவில்லை. அடுத்த நாள் அதிகாலை தம்பி கூப்பிட்டான். மாரடைப்பு.

மெக்ஸிகோ சிட்டி போய், இரண்டு விமானம் மாறி, கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடிந்து இருபது நாள் கழித்துத் திரும்பினேன். மொட்டைத் தலையோடு டாக்ஸியிலிருந்து இறங்கியதைப் பார்த்து தோஞா வாசலுக்கு வந்தார். விமானத்தில் பல தடவை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். 'மி மாத்ரே முரியோ.' என் தாயார் இறந்தார். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. அப்புறம், யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். அம்மா கூப்பிட்டாள், திருப்பிக் கூப்பிடுகிறேன் என்றேன், 'சே மே ஓல்விதோ'. எனக்கு மறந்துபோச்சு.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாத்தியார் திருத்துகிற மாதிரி மெதுவாகத் திருத்தினார்: "சே தே முரியோ, இஹோ."

'தே' என்றால் உனக்கு. 'இஹோ' என்றால் மகனே. ஐந்து வருடமாக இன்ஹெனியெரோ, உஸ்தெத் என்றே இருந்தவர் முதல்முறையாக என்னை 'நீ' என்றார். உனக்கு அம்மா போயிட்டாங்கப்பா. கை தவறிய கோப்பை மாதிரி, மறந்துபோன போன் மாதிரி. நீ செய்ததில்லை, ஆனால் நஷ்டம் உன்னுடையது. அன்று படையல் மேசைக்கு முன்னால் புரியாத 'மே' அப்போதுதான் புரிந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். இருபது நாளாக வராத அழுகை.

இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்பவர்களிடம், அம்மாவிடம் என்றால் நம்புவதில்லை. நீங்களும் ஜெர்மனோ ஜப்பானியமோ கற்றுக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு யோசனை. இங்கிலீஷைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். நம் சமையலறைத் தமிழில் இல்லாத இலக்கணம் ரொம்பக் குறைச்சல்.

அப்புறம், மீட்டிங்கில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டால் 'இதோ' என்று வைக்காதீர்கள். எழுந்து வெளியே போய் ஒரு நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள். கர்ப்பம் என்று சொன்ன ஆளையே மன்னித்தவர்கள், இதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.